முள்ளும் நிழலும்

எங்கள் கடையில் இரண்டு மீட்டர்கள் இருந்தன. ஒன்று உள்ளங்கைக்குள் அடங்குகிற சின்ன மீட்டர். வீடுகளுக்கு ரேடியோ பார்க்கப் போகும்போது சைக்கிள் ஹேண்டில்பாரில் தொங்கும் மஞ்சள் பையில் அதுவும் வரும். இன்னொன்று ஆவோமீட்டர், எட்டாம் மாடல். கறுப்புப் பெட்டி, தோல்வார், முகத்தில் இரண்டு பெரிய திருகுகள், கண்ணாடிக்குள் விசிறியாக விரிந்த அளவுகோல். மேசையின் வலது மூலையில், நாலாக மடித்த கம்பளித் துண்டின்மேல் படுத்திருக்கும். அது கடையை விட்டு வெளியே போகாது. அண்ணன் வகுத்த சட்டம் அது.

1976-ஆம் வருடக் கோடை விடுமுறை. எனக்குப் பதினைந்து வயது. சமயநல்லூர் ரயில் நிலையத்துக்குப் போகும் பாதையில் இருந்த அந்தக் கடையில் எடுபிடியாகச் சேர்ந்திருந்தேன். ரேடியோ ரிப்பேர் பார்ப்பதும், கல்யாணம், காதுகுத்து, கோயில் விசேஷங்களுக்கு மைக் செட் வாடகைக்கு விடுவதும் தொழில். கடைக்காரரை ஊரே ‘அண்ணன்’ என்றுதான் சொல்லும். ராணுவத்தில் சிக்னல்ஸ் பிரிவில் பத்து வருடத்துக்கு மேல் இருந்தவர். ஜபல்பூரில் பயிற்சி எடுத்தவர். ஊர் திரும்பிய பிறகும் காலையில் கருவிகளைத் துடைத்து வரிசையாக அடுக்கிவிட்டுத்தான் டீ குடிப்பார்.

ஒருநாள் மத்தியானம் மைக் செட் ஆம்ப்ளிஃபையர் ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு, முன்வரிசை வால்வு ஒன்றின் பிளேட்டில் எத்தனை வோல்ட் இருக்கிறதென்று பார்க்கச் சொன்னார். சின்ன மீட்டரை 250 வோல்ட்டில் வைத்துத் தொட்டேன். முள் 67-இல் நின்றது. அதே முனையில் ஆவோவை வைக்கச் சொன்னார். அதையும் 250-இல் வைத்துத் தொட்டேன். 115.

“எதுண்ணே சரி?”

“ரெண்டும் சரிதான். நீ தொடாதப்ப அங்க இருந்தது 120.”

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. தொடாதபோது இருந்தது இவருக்கு எப்படித் தெரியும்?

“வாய்க்கால்ல எருமை எறங்கித் தண்ணி குடிக்குது. குடிச்ச பெறகு எவ்வளவு ஓடுதுன்னு அளந்தா என்ன வரும்? பெரிய வாய்க்கால்னா வித்தியாசம் தெரியாது. அரைச்சாண் ஓடையில எருமை எறங்குனா ஓடையே வத்திரும். மீட்டரும் குடிக்கும்டா தம்பி. எது எவ்வளவு குடிக்கும்னு தெரிஞ்சு வச்சுக்க. தெரிஞ்சா குடிச்சதத் திருப்பிக் கூட்டிக்கலாம்.”

பிறகு பழுப்புத் தாளில் கணக்கைப் போட்டுக் காட்டினார். சின்ன மீட்டர் வோல்ட்டுக்கு 1,000 ஓம். 250 வோல்ட்டில் வைத்தால் அதன் தடை இரண்டரை லட்சம் ஓம். ஆவோ எட்டாம் மாடல் வோல்ட்டுக்கு 20,000 ஓம். அதே 250-இல் அது ஐம்பது லட்சம் ஓம். அந்த வால்வின் பிளேட்டுக்குக் கரண்ட் வருவதே ஏறக்குறைய இரண்டு லட்சம் ஓம் ரெசிஸ்டன்ஸ் வழியாகத்தான். அரைச்சாண் ஓடை. அதில் இரண்டரை லட்சம் ஓம் மீட்டரை வைத்தால் பாதிக்குப் பாதி அதுவே குடித்துவிடும். கூட்டிக் கழித்துப் பார்த்தால் இரண்டு மீட்டரும் ஒரே விடைக்கு வந்து சேர்ந்தன. பள்ளிக்கூடத்தில் ஓம் விதியை ஒரு வருடம் படித்திருந்தேன். அது எதற்கென்று அன்று மத்தியானம்தான் தெரிந்தது.

அந்த ஆவோவை அவர் மெட்ராஸ் மூர் மார்க்கெட்டில் வாங்கியிருந்தார். பழைய ராணுவச் சாமான்கள் குவியல் குவியலாக வந்து விழுந்த இடம் அது. 1985-இல் தீப்பிடித்து அழிந்துபோயிற்று. என்ன விலை கொடுத்தார் என்று கடைசிவரை சொல்லவில்லை. பிரிட்டிஷ் தபால் துறையில் வேலை பார்த்த டொனால்ட் மக்காடி என்ற பொறியாளர், ஆம்பியருக்கு ஒன்று, வோல்ட்டுக்கு ஒன்று, ஓமுக்கு ஒன்று என்று தனித்தனிக் கருவி சுமக்க முடியாமல் மூன்றையும் ஒரே பெட்டிக்குள் அடைத்தார். மூன்றின் முதலெழுத்தும் சேர்ந்து ஆவோ ஆனது. 1923-இல் முதல் மீட்டர் வந்தது. எட்டாம் மாடல் 1951-இல் வந்து, சின்னச் சின்ன மாற்றங்களோடு 2008 வரை தயாரானது. ஒரு கருவி இத்தனை வருடம் உருமாறாமல் நிலைக்குமானால் அதைப் படைத்தவனுக்குத் தொழில் செய்கிறவனின் கை தெரிந்திருக்கிறது என்றுதான் அர்த்தம்.

அதன் அளவுகோலுக்கு அடியில் மெல்லிய கண்ணாடிப் பட்டை ஒன்று வளைந்து ஓடும். முகம் பார்க்கும் கண்ணாடி. முள்ளைப் பார்க்கும்போது அந்தப் பட்டையில் முள்ளின் நிழலும் தெரியும். நம் கண் ஒரு நூல் அங்கிட்டோ இங்கிட்டோ இருந்தால் முள் தனியாகவும் நிழல் தனியாகவும் தெரியும். தலையை நகர்த்தி, முள்ளுக்குப் பின்னால் நிழல் முழுக்க மறையும் இடத்தில் நிறுத்தினால்தான் கண் நேராக இருக்கிறது. அப்போது படித்தால்தான் கணக்கு. நான் எந்த எண்ணைச் சொன்னாலும் அண்ணன் கேட்பது ஒன்றுதான்: “நெழல் மறைஞ்சுச்சா?”

வால்வை அறியாத தலைமுறைக்காகக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எடிசன் 1880-களில் தன் மின்விளக்குக்குள், ஒன்றுமில்லாத வெற்றிடத்தைத் தாண்டிக் கரண்ட் ஓடுவதைப் பார்த்தார். 1904-இல் ஃபிளெமிங் அதைக் கொண்டு முதல் வால்வைச் செய்தார். சூடான கேத்தோடு எலெக்ட்ரானைக் கக்கும், பாசிட்டிவ் வோல்ட் கொடுத்த பிளேட் அதை இழுத்துக்கொள்ளும். அவ்வளவுதான் அடிப்படை. அண்ணன் எனக்கு இதை வைகைக் கரைப் பேச்சில்தான் சொன்னார். கேத்தோடு கண்மாய். பிளேட் வயல். நடுவில் இருக்கும் கிரிட் மடைப்பலகை. பலகையை இறக்கினால் ஓட்டம் குறையும், ஏற்றினால் கூடும். ஒலிபெருக்கியில் கேட்கும் பாட்டு, அந்தப் பலகை நொடிக்கு நூறு தடவை, ஆயிரம் தடவை ஏறி இறங்குவது. பலகை சரியாக நிற்காவிட்டால் வயல் அடித்துப்போகும். வால்வில் அதற்குப் பெயர் ‘பிளேட் சிவக்கிறது’.

எங்கள் பக்கத்தில் அப்போது வால்வு ரேடியோ வழக்கொழியவில்லை. டிரான்சிஸ்டர் வந்துவிட்டது, தோளில் தொங்கப்போட்டுக்கொண்டு வயலுக்குப் போகிறவர்களும் உண்டு. ஆனாலும் சோழவந்தான் கொடிக்கால்காரர்கள் வீட்டிலும், பரவை, தேனூர்ப் பக்கத்துப் பெரிய வீடுகளிலும் மர்ஃபி, பிலிப்ஸ், புஷ் பெட்டிகள் அலமாரியில் துணி போர்த்தி நிற்கும். கோயம்புத்தூரில் செய்த யு.எம்.எஸ். பெட்டி ஒன்றும் ஒருமுறை கடைக்கு வந்தது. ஊராட்சி மன்ற ரேடியோக்கள் தனி. திருச்சி நிலையச் செய்தி நேரத்தில் அது பாடாவிட்டால் ஊரே கடைக்கு வந்துவிடும். இலங்கை வானொலி பக்கத்து ஊர் மாதிரி கேட்கும். பெங்களூரில் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனம் 1960-களில் வால்வு தயாரிக்கத் தொடங்கியிருந்ததால் சாதாரண ரேடியோ வால்வுகளுக்குத் தட்டுப்பாடு குறைந்திருந்தது. மைக் செட்டின் பெரிய வால்வுகளுக்குத்தான் அலைச்சல். மதுரை டவுன் ஹால் ரோட்டுப் பக்கம் நடையாக நடக்க வேண்டும். ஒருமுறை ஒரு கடையில் புத்தம்புது அட்டைப்பெட்டியில் வாங்கி வந்த இரண்டு வால்வுகளை மாட்டிப் பார்த்தால் கரண்ட் பாதிகூட இல்லை. எழுத்தைத் துடைத்துப் புதிதாக அச்சடித்த பழைய வால்வுகள். அண்ணன் கோபப்பட்டு நான் பார்த்த ஒன்றிரண்டு நாட்களில் அது ஒன்று. “அளக்காதவன்னு நெனச்சுத்தானே குடுத்தான்” என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார்.

வால்வு விலை அதிகம் என்பதால் மற்ற மெக்கானிக்குகள், கழற்றி மாற்றிப் பார்த்துப் பாடினால் சரி என்று விட்டுவிடுவார்கள். அண்ணன் அளக்காமல் எதையும் மாற்ற மாட்டார். ஒரு வால்வு பிழைத்திருக்கிறதா, களைத்திருக்கிறதா, செத்துக்கொண்டிருக்கிறதா என்பதை அதில் ஓடும் கரண்ட்தான் சொல்லும். கரண்டை அளக்க நேர்வழி, கம்பியை அறுத்து நடுவில் மீட்டரை வைப்பது. பிளேட் கம்பி என்றால் 300, 350 வோல்ட் மீட்டருக்குள்ளேயே ஏறி வரும். கை தவறினால் ஆளுக்கே ஆபத்து. அதனால் அவர் பெரும்பாலும் கேத்தோடு ரெசிஸ்டன்ஸ்தான் பார்ப்பார். வாய்க்காலில் ஒரு குறுகலான இடம். மேல்பக்கம் தண்ணீர் ஏறி நிற்கும், கீழ்ப்பக்கம் இறங்கி நிற்கும். இரண்டுக்கும் வித்தியாசம் எத்தனை விரற்கடை என்று பார்த்தால் ஓட்டம் எவ்வளவு என்று சொல்லிவிடலாம். ரெசிஸ்டன்ஸின் இரு முனைக்கும் நடுவே உள்ள வோல்ட்டை ஓமால் வகுத்தால் கரண்ட். எந்தக் கம்பியையும் அறுக்க வேண்டாம். அந்த இடத்தில் இருப்பது சில நூறு ஓம்தான் என்பதால் மீட்டர் குடிப்பதும் கணக்கில் வராது. பெரிய வாய்க்கால், எருமை இறங்கினாலும் தெரியாது.

ஆனால் கேத்தோடிலிருந்து கிளம்புவதெல்லாம் பிளேட்டுக்குப் போய்ச் சேராது. நடுவழியில் ஸ்க்ரீன் கிரிட் என்ற இன்னொரு கிரிட் கொஞ்சம் எடுத்துக்கொள்ளும். 6எல்6 வால்வில் 250 வோல்ட் கொடுத்துப் பிளேட்டுக்கு 72 மில்லி ஆம்பியர் போனால், ஸ்க்ரீனுக்கு 5 போகும். அதைக் கழித்துக்கொள்ள வேண்டும். இதை மறந்து நான் சொன்ன கணக்குகளை எல்லாம் அவர் காதிலேயே வாங்கவில்லை.

கடையில் ஒரு நோட்டு இருந்தது. நீள வாக்கில் மடித்த பள்ளிக்கூட நோட்டு. கடை வழியாகப் போன ஒவ்வொரு பெரிய வால்வுக்கும் அதில் ஒரு வரி. வால்வின் அடிப்பக்கத்தில் நகப்பாலிஷில் ஒரு எண், நோட்டில் அதே எண். தேதி, மெயின் வோல்ட், கேத்தோடு வோல்ட், கரண்ட். ஆம்ப்ளிஃபையரைப் போட்டவுடன் எடுத்த அளவைப் பென்சிலில் எழுதுவார். அரை மணி நேரம் சூடேறிய பிறகு மறுபடி அளந்து அதைத்தான் பேனாவில் எழுதுவார். குளிர்ந்த வால்வு ஒன்று சொல்லும், சூடான வால்வு வேறு சொல்லும். டிரான்ஸ்பார்மரின் செம்புக் கம்பியும் ஒவ்வொரு டிகிரிக்கும் நூற்றில் அரைப் பங்குக்குக் கொஞ்சம் குறைவாகத் தடையைக் கூட்டிக்கொண்டே போகும். பேனா எழுத்துக்குத்தான் மதிப்பு. ஜோடி போட வேண்டுமென்றால் அந்த நோட்டைப் பார்த்து, ஒரே அளவு கரண்ட் இழுக்கும் இரண்டைத் தேர்ந்தெடுப்பார்.

மெயின் வோல்ட்டை ஏன் எழுதினார் என்று சொல்ல வேண்டும். ஆற்றோரத் தோட்டங்களில் மோட்டார்கள் ஓடத் தொடங்கினால் வீட்டு பல்பு மஞ்சளாகிவிடும். 230 இருக்க வேண்டிய இடத்தில் 180 நிற்கும். ராத்திரி பத்து மணிக்குமேல் எல்லாம் நின்றதும் 250-ஐத் தாண்டும். மத்தியானம் நல்ல பிள்ளையாகப் பாடிய வால்வு நடுராத்திரியில் சிவப்பது இதனால்தான். சுவரில் எத்தனை வோல்ட் என்று பார்க்காமல் வால்வைக் குற்றம் சொல்வது அவரிடம் நடக்காது.

நான் செய்த ஒரு தவறு இன்றும் உடம்பில் இருக்கிறது. ஆவோவில் கரண்ட் பார்த்துவிட்டுத் திருகை வோல்ட்டுக்கு மாற்றாமல், 100 மில்லியிலேயே வைத்துக்கொண்டு பிளேட்டையும் சேசிஸையும் தொட்டேன். நீலமாக ஒரு பொறி. ‘டக்’ என்ற சத்தத்தோடு மீட்டரின் முகத்தில் இருந்த பொத்தான் மேலே துள்ளியது. முள் எல்லையில் மோதியதும் இணைப்பைத் துண்டிக்கும் கட்-அவுட் அது. அந்தப் பொத்தான் மட்டும் இல்லாவிட்டால், மூர் மார்க்கெட்டிலிருந்து வந்த அந்தச் சொத்து அன்றே கருகியிருக்கும். என் கை நடுங்கியது. அண்ணன் திட்டவில்லை. என் இடது கையைப் பிடித்து முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய் வைத்தார். “இது இங்கதான் இருக்கணும். ஒரு கையாலதான் தொடணும். ரெண்டு கையும் உள்ள போச்சுன்னா கரண்டு நெஞ்சு வழியா போகும்.” காலுக்குக் கீழே பலகை இருக்கிறதா என்று குனிந்து பார்த்தார். பிறகு பொத்தானை அழுத்திவிட்டு, “இப்பத் திருகப் பாரு. பாத்துட்டுத் தொடு” என்றார். நாற்பது வருடம் கருவிகளோடு பிழைத்தேன். இன்றுவரை என் இடது கை தானாகவே பின்னால் போகிறது.

அந்த விடுமுறையில்தான் ஊர் முளைப்பாரித் திருவிழா. மூன்று நாளும் எங்கள் மைக் செட். புளியமரத்தில் ஒன்று, கோயில் கோபுரத்துக்கு எதிரே ஒன்று, மந்தையில் இரண்டு என்று குழாய்களைக் கட்டியிருந்தோம். காலையில் சீர்காழியின் பிள்ளையார் பாட்டில் தொடங்கி, டி.எம்.எஸ்., எல்.ஆர். ஈஸ்வரி என்று போய்க்கொண்டிருந்தது. இரண்டாம் நாள் ராத்திரி எட்டரை மணி இருக்கும். பாட்டு கரகரக்கத் தொடங்கியது. ஓலைக் கொட்டகைக்குள் குனிந்து ஆம்ப்ளிஃபையருக்குப் பின்னால் பார்த்தேன். இரண்டு 6எல்6 வால்வுகளில் இடது பக்கத்தது, கொல்லன் உலையில் போட்ட கம்பி மாதிரி பிளேட்டில் சிவந்துகொண்டிருந்தது.

ஸ்விட்சை அணைத்தேன். ஊர் முழுக்கச் சத்தம் நின்றது. அந்த அமைதியை மறக்க முடியாது. குலவைச் சத்தமும் பிள்ளைகள் கூச்சலும் மட்டும் கேட்டன. கமிட்டிப் பெரியவர் கொட்டகை வாசலில் வந்து நின்றார்.

“என்னப்பா, நின்னு போச்சு? பாரி தூக்குற நேரம்.”

“பத்து நிமிசம்ங்கய்யா” என்றார் அண்ணன். என்னிடம் திரும்பி, “வால்வ எடம் மாத்திப் போடு” என்றார். துணியைச் சுற்றி இரண்டு வால்வையும் பிடுங்கி இடதை வலத்திலும் வலதை இடத்திலும் போட்டேன். மறுபடி போட்டதும் சிவந்தது இடப்பக்கம்தான். இப்போது அங்கே இருந்தது நல்ல வால்வு. சிவப்பு வால்வோடு போகவில்லை, சாக்கெட்டோடு தங்கிவிட்டது. அண்ணன் உடனே அணைத்தார். நானாக இருந்திருந்தால் புது வால்வு வாங்க மதுரைக்கு ஆள் அனுப்பியிருப்பேன்.

“ஓடிப் போய் ஆவோவ எடுத்துட்டு வா.”

அன்று ஒரு நாள்தான் அது கடையை விட்டு வெளியே வந்து நான் பார்த்தது. குழந்தையைத் தூக்குகிற மாதிரி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ரயில் பாதையோரம் ஓடி வந்தேன்.

அந்த ஆம்ப்ளிஃபையரில் இரண்டு 6எல்6-க்கும் சேர்த்து 250 ஓம் கேத்தோடு ரெசிஸ்டன்ஸ் ஒன்றுதான். பிளேட்டுக்குப் போகும் எச்.டி. 360 வோல்ட். நோட்டில் பேனாவில் இருந்தது 23 வோல்ட், அதாவது இரண்டும் சேர்ந்து 92 மில்லி. அண்ணன் ஆம்ப்ளிஃபையரைப் பக்கவாட்டில் சாய்த்து, பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் முனையைத் தொட்டார். “படி.”

தலையை நகர்த்தினேன். நிழல் மறைந்தது. “முப்பத்திரெண்டு.”

128 மில்லி. மொத்தம் கூடியிருக்கிறது. ஆனால் யார் எவ்வளவு? பொதுவான ஒரே ரெசிஸ்டன்ஸில் அது தெரியாது. அவுட்புட் டிரான்ஸ்பார்மரின் இரண்டு பாதிச் சுற்றுகளையும் தனித்தனியே அளந்தார். உள்சுற்று 120 ஓம், வெளிச்சுற்று 130 ஓம் என்று எப்போதோ நோட்டின் பின்னட்டையில் எழுதி வைத்திருந்தார். வெளியே சுற்றிய கம்பிக்கு நீளம் அதிகம், அதனால் அந்தப் பத்து ஓம். நல்ல நாளில் ஒவ்வொன்றிலும் ஐந்தரை வோல்ட் அளவில் நிற்கும். அன்று இடப்பக்கம் 11.4, வலப்பக்கம் 3. ஒருவன் 95 மில்லி குடித்துக்கொண்டிருந்தான், மற்றவனுக்கு 23-தான் கிடைத்தது. 19 வாட் தாங்கும் பிளேட்டில் 30 வாட் போல எரிந்துகொண்டிருந்தது. சிவக்காமல் என்ன செய்யும்?

இவ்வளவுக்கும் ஆம்ப்ளிஃபையரைத் தொடர்ந்து போட்டு வைக்கவில்லை. போடுவார், சூடேறி அளவு தெரியும்வரை விடுவார், நான் படிப்பேன், அணைப்பார்.

பிறகு இடப்பக்கக் கிரிட். அங்கே கூட்டலும் இருக்கக் கூடாது கழித்தலும் இருக்கக் கூடாது. சேசிஸுக்குப் பூஜ்யம் நிற்க வேண்டும். 25 வோல்ட்டில் வைத்துத் தொட்டார். கூட்டலில் ஏழரை. திருகை 100-க்கு மாற்றித் தொட்டார். பதினொன்றரை.

“பாத்தியா? கோலு மாத்துனா அளவு கூடுது. அப்பன்னா மீட்டரு குடிக்குது. நெசத்துல பதினாலு இருக்கும்.”

கிரிட்டிலிருந்து சேசிஸுக்கு 4 லட்சத்து 70 ஆயிரம் ஓம். 25 வோல்ட்டில் ஆவோவின் தடை 5 லட்சம் ஓம், ஏறக்குறைய சரிபாதி. உலகத்திலேயே நல்ல மீட்டர் என்று நான் நினைத்திருந்த ஆவோவும் அந்த இடத்தில் எருமைதான். அவர் அதை நம்பிவிடவும் இல்லை, தூக்கி எறியவும் இல்லை. எவ்வளவு குடிக்கும் என்று தெரிந்து கூட்டிக்கொண்டார்.

மீதி சீக்கிரம் முடிந்தது. முந்தைய வால்வின் பிளேட்டில் 120 வோல்ட். அதற்கும் இந்தக் கிரிட்டுக்கும் நடுவில் இருப்பது ஒரு காகிதக் கண்டென்சர். பாட்டை விட்டுவிட்டு டி.சி.யைத் தடுக்க வேண்டிய சுவர் அது. சுவரில் கசிவு. மடைப்பலகை தானாக மேலே ஏறிவிட்டது. பழுப்பு மெழுகு வழிந்த அந்தக் கண்டென்சரை வெட்டி எடுத்துவிட்டுக் கிரிட்டைத் தொட்டார், முள் அசையவில்லை. அப்படியும் கூட்டல் வோல்ட் நின்றிருந்தால் வால்வுக்குள் வாயு இறங்கியிருக்கிறது என்று அர்த்தம். அடுப்பில் சூடேற்றிய பற்றுக்கோலால் புதுக் கண்டென்சரை வைத்தார். கேத்தோடில் 23. நான் படித்த எண்ணைக் கேட்டதும் ஸ்விட்சைப் போட்டுவிட்டு வெளியே போய்ப் பீடி பற்றவைத்துக்கொண்டார். ஈஸ்வரியின் குரல் புளியமரத்திலிருந்து கிளம்பியது. முளைப்பாரி புறப்பட்டது. பெண்கள் தலையில் பச்சைப் பசேலென்று வரிசையாகப் போனதை, மீட்டரை மடியில் வைத்துக்கொண்டு கொட்டகைக்குள்ளிருந்து பார்த்தேன்.

சிவந்த இரண்டு வால்வுகளையும் அடுத்த வாரம் அளந்து நோட்டில் எழுதினார். ஒன்று பத்து மில்லி குறைந்திருந்தது. தலைப்பக்கம் வெள்ளிப் பூச்சு வெளுக்கவில்லை என்பதால் காற்று ஏறவில்லை என்றார். அந்தப் பூச்சு பேரியம். உள்ளே மிச்சமிருக்கும் காற்றை உறிஞ்சிக்கொள்ள வைப்பது. கண்ணாடியில் கீறல் விழுந்து காற்று புகுந்துவிட்டால் பால் மாதிரி வெளுத்துவிடும். வெளுத்த வால்வை அளக்க வேண்டியதே இல்லை.

நான் பிறகு கருவிப் பராமரிப்பு வேலைக்குப் போய் ஊர் ஊராகச் சுற்றினேன். டிஜிட்டல் மீட்டர்கள் வந்தன. ஒரு கோடி ஓம், எந்தக் கோலில் வைத்தாலும் அதே தடை. அரைச்சாண் ஓடையிலும் கொக்கு மாதிரி நின்று பார்க்கும், தண்ணீர் கலங்காது. அது பெரிய முன்னேற்றம், அதில் சந்தேகமில்லை. ஆனால் என்னிடம் பயிற்சிக்கு வந்த பிள்ளைகளுக்கு மீட்டர் குடிக்கும் என்பதைப் புரியவைப்பது கடினமாகிக்கொண்டே போயிற்று. திரையில் மூன்று தசமத்தில் எண் நிற்கும்போது யாருக்கும் கேள்வி வருவதில்லை. முதல் வாரம் முழுக்க முள் மீட்டரைக் கையில் கொடுத்து இரண்டு கோலில் அளக்கச் சொல்வேன். இரண்டு அளவு வரும்போது அவர்கள் என் முகத்தைப் பார்ப்பார்கள். அதற்காகத்தான் அப்படிச் செய்தேன்.

போன தை மாதம் அண்ணனைப் பார்க்கப் போயிருந்தேன். நான்கு வழிச் சாலை வந்து சமயநல்லூரே அடையாளம் மாறிப் போயிருக்கிறது. மீட்டர் கேஜ் போய் அகல ரயில் வந்து இருபது வருடத்துக்கு மேலாகிறது. அவருக்கு எண்பத்தெட்டு வயது. சர்க்கரையில் பார்வை போய்விட்டது. வெளிச்சம் இருக்கிறதா இல்லையா என்பது மட்டும் தெரியும். ஆவோ அதே கம்பளித் துண்டின்மேல் இருந்தது. ஓம் அளக்க அதற்கு வேண்டிய 15 வோல்ட் பேட்டரி கிடைக்காமல் வெகுநாளாயிற்று. வோல்ட்டும் கரண்டும் அளக்கப் பேட்டரி தேவையில்லை.

“வந்தது வந்த. இந்தப் பொட்டியப் பாரு. சத்தம் கொறைஞ்சிருக்கு” என்றார். அவருடைய சொந்த ரேடியோ, ஈ.எல்.84 போட்டது. பின்னட்டையைக் கழற்றினேன். மெயின் வோல்ட் பார்த்தேன், சொன்னேன். காலுக்குக் கீழே மருமகளிடம் கேட்டு மணைப்பலகை வாங்கிப் போட்டுக்கொண்டேன். கேத்தோடில் 150 ஓம். நோட்டில் 1971-இல் பேனாவால் எழுதியிருந்தது 7.2. அதாவது 48 மில்லி. திருகை இரண்டு முறை பார்த்துவிட்டுத் தொட்டேன்.

“ஆறு புள்ளி நாலுண்ணே.”

“நெழல் மறைஞ்சுச்சா?”

நான் இப்போது இரட்டைக் கண்ணாடி போடுகிறேன். மேல் பாதியில் பார்த்தால் முள் மங்கல், கீழ்ப் பாதியில் பார்க்கத் தலையை நிமிர்த்த வேண்டும். குனிந்து, நகர்ந்து, மறுபடி பார்த்தேன். பட்டையில் முள்ளுக்குப் பக்கத்தில் மயிரிழையாக இன்னொரு கோடு நின்றது. கழுத்தை இடது பக்கம் சாய்த்தேன். கோடு முள்ளுக்குப் பின்னால் போய் மறைந்தது.

“ஆறு புள்ளி ரெண்டு.”

“நாப்பத்தொண்ணு மில்லி” என்றார் உடனே. பிறகு கையை நீட்டி நோட்டைத் தடவி என் பக்கம் தள்ளினார். “பென்சில்ல எழுது. அரை மணி நேரம் போகட்டும்.”

பென்சில் எங்கே இருக்கிறது என்று அவரே சொன்னார், மேசை இழுப்பறையில் இடது மூலையில். எழுதினேன். ரேடியோவில் யாரோ நெல் விலை வாசித்துக்கொண்டிருந்தார்கள். நாங்கள் இருவரும் வால்வு சூடேறக் காத்திருந்தோம்.